பசியாறியாச்சா?

முதல் நாள் கேள்வி என்னைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. பதில் சொன்னது என் அம்மா.

பெண்கள் கிளினிக்கில் நர்ஸ், சிஸ்டர் ரமணி, கதவைச் சாத்தினாள். நாற்காலியை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தாள்.

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. கல்யாணம் ஆகாதவங்க எல்லாரையும் இத கேப்போம். ஆம்பளையோட உறவு இருந்திருக்கா?”

“ஐயோ மாதாவே!” என்றாள் அம்மா. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். “என்னா சிஸ்டர் இப்படிக் கேக்குறீங்க? எம்பிள்ள அப்படிப்பட்ட பிள்ள இல்ல. வேலை, வீடு, சர்ச்சு. வேற ஒண்ணும் தெரியாது அவளுக்கு. கன்னியாஸ்திரிங்ககூட இவ்ளோ ஒழுங்கா இருக்க மாட்டாங்க லா.”

எனக்கு நாற்பத்து மூன்று வயது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் எந்த கண்டெய்னர் எந்த லோரியில் ஏற வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. நான் மேசையைத் தட்டி ஒரு சத்தம் போட்டால் மலைமாதிரி இருக்கிற டிரைவர்கூட ‘ஓகே பாஸ், ஓகே பாஸ்’ என்று பின்வாங்கிப் போய்விடுவான். ஷார்மைன் வாய் இருக்கிற இடத்தில் ஹார்ன் தேவையில்லை என்று ஆபீஸில் ஒரு பேச்சே உண்டு. அந்த வாய் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது? கொழுக்கட்டையா வைத்திருந்தேன் உள்ளே? எனக்கு இன்றைக்கும் என் மேல் ஆத்திரம் வருகிறது.

சிஸ்டர் ரமணி என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். நான் அவளுடைய வெள்ளைக் காலணியைப் பார்த்தேன். சரி என்று எழுதிக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

எனக்கு மாதாமாதம் போகிற ரத்தம் நிற்பதே இல்லை. கறுப்புப் பாவாடை தவிர வேறு உடுத்துவதை விட்டுவிட்டேன். ஆபீஸ் நாற்காலியில் பிளாஸ்டிக் பை விரித்து அதன் மேல் துண்டு போட்டு உட்காருவேன். மீட்டிங் முடிந்தால் எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பேன். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஏதோ சதை வளர்ந்திருப்பது தெரிந்தது. ஹிஸ்டரோஸ்கோபி செய்ய வேண்டும் என்றார்கள். மெல்லிய குழாய், முனையில் கேமரா, கீழ்வழியாகக் கர்ப்பப்பைக்குள் விட்டுப் பார்த்து, முடிந்தால் அந்தச் சதையையும் அப்போதே எடுத்துவிடுவார்கள்.

“பொதுவா முழிச்சிருக்கும்போதே செஞ்சிடுவோம்,” என்றாள் ரமணி. “நல்லா சாப்ட்டுட்டு, ஒரு மணி நேரத்துக்கு முன்னால வலி மாத்திரை போட்டுட்டு வரணும். தேவைன்னா கர்ப்பப்பை வாயில மரத்துப்போற ஊசி. வலி தெரியாம இருக்க, குழாய் வச்சு மூச்சா இழுக்கிற கேஸும் இருக்கு. முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா கல்யாணம் ஆன, பிள்ள பெத்த பொம்பளைங்களுக்குத்தான் அது. உங்கள மாதிரி ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு முழு மயக்கம் குடுத்துத்தான் செய்வோம். ராத்திரியிலேருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாது, தண்ணிகூட. கூட ஆள் வரணும்.”

“நான் வரேன்,” என்றாள் அம்மா. பெருமையாகத்தான் சொன்னாள். முழு மயக்கம் என்பது ஏதோ என் கற்புக்குக் கிடைத்த மெடல் மாதிரி.

அம்மாவின் பெயர் மகதலேனா. அப்பா மரியநாயகம் ரயில்வேயில் இருந்தவர். அவர் போன பிறகு பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் நாங்கள் இரண்டே பேர். போன வருஷம் ஆஸ்துமா முற்றி நான் ஐசியுவில் கிடந்து திரும்பியதிலிருந்து, தலைவலி மாத்திரை வாங்கப் போனாலும் அம்மா கூட வருகிறாள். அவள் அன்பில் குறை சொல்ல முடியாது. மூச்சுவிடத்தான் இடம் இருக்காது.

அந்த ஆஸ்துமாதான் கதையைக் கெடுத்தது. மயக்கம் கொடுக்கிறவர்களுக்குத் தனிக் கிளினிக். அங்கே ஒரு மலாய் டாக்டர், மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி ஒரு பையன், என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டான். பைலைப் புரட்டினான். மறுபடி வைத்துக் கேட்டான். ஆங்கிலத்திலேயே சொன்னான்: “உங்களுக்கு முழு மயக்கம் கொடுக்கலாம், முடியாது என்று இல்லை. ஆனால் போன வருஷம் நடந்ததைப் பார்த்தால், தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பேன். மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போடும்போது நெஞ்சு இறுகிப் போனால் சிரமம். இந்தச் சின்ன வேலைக்கு எதற்கு முழு மயக்கம்?” பிறகு பைலில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு, “ஓ,” என்றான். காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு. “இதில் ஏதாவது மாற்றம் இருந்தால் என்னிடம் சொல்லலாம், இல்லை கிளினிக்குக்குப் போன் பண்ணலாம்.”

அம்மா அறைக்குள் இல்லை. திரைக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். ஆனால் திரை தரைவரை வரவில்லை. கீழே அவளுடைய தவிட்டு நிறச் செருப்பு தெரிந்தது, இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி.

“மாற்றம் ஒன்றும் இல்லை, டாக்டர்,” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். மூச்சு நின்றாலும் நிற்கட்டும், மானம் கப்பலேற வேண்டாம் என்று. பகலெல்லாம் கப்பலில் சாமான் ஏற்றுகிறவளுக்கு அந்த ஒன்றை ஏற்றத்தான் பயம். டாக்சியில் திரும்பும்போது அம்மா என் உள்ளங்கையில் புனித எண்ணெய் தடவிச் சிலுவை போட்டாள். எனக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அழுக்குக் கையில் போடுகிறாளே என்று கூசியது.

குருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காப்பாரில் வீடு, எங்கள் கம்பெனி கிடங்குக்கு சூப்பர்வைசர். நான் கத்தும்போது சிரிக்கிற ஒரே ஆள். ‘முடிஞ்சுதா ஷார்? டீ குடிக்கலாமா?’ என்பார். ஆறு வருஷம். சனிக்கிழமைகளில் அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு காப்பார் போவேன். அவர் மீன் வாங்கி வந்து சமைப்பார், நான் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவேன். ஒவ்வொரு வருஷமும் கேட்பார். “உங்க அம்மாவ வந்து பாக்கட்டுமா? பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவன் நான். அவங்க முன்னால நிக்கறதுக்கா பயப்படப் போறேன்? விரட்டினா விரட்டட்டும், அடுத்த வாரம் திரும்பி வரேன்.” நான்தான் ஈஸ்டர் போகட்டும், கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். கடைசியில் அவருக்கு வயதுதான் போனது. போன வருஷம் சுங்கை வேயில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கோபித்துக்கொள்ளக்கூட அவர் எனக்கு ஒரு காரணம் தரவில்லை. ஆபீஸோடு நானும் கல்யாணத்துக்குப் போனேன். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “ஆபீஸ் கல்யாணம் எப்படிப் போச்சு, என்னா சாப்பாடு?” என்று கேட்டாள். தாம்பூலப் பையை அவளிடம் நீட்டிவிட்டு, குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் அம்மாவின் ஜெபமாலைக் குழு வட்டம் கட்டி நிற்கிறது. அம்மா அவர்கள் எல்லோரிடமும் ஜெபம் கேட்டுவிட்டாள். என்ன வியாதிக்கு என்றும் சொல்லிவிட்டாள்.

“கர்ப்பப்பையா, கேர்ள்?” என்று ஒரு ஆன்டி கேட்டாள். சம்பந்தன் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கும் கேட்டிருக்கும். “பிள்ள பெக்காதவங்களுக்கு இதெல்லாம் வரும் மா.”

“ஆண்டவர் பாத்துக்குவாரு,” என்றாள் அம்மா. “எனக்காகத்தான் அவ கல்யாணமே வேணாம்னுட்டா. இந்தக் காலத்துல அப்படி ஒரு பிள்ள கெடைக்குமா? சிஸ்டரே அன்னிக்கு ஆச்சரியப்பட்டுப் போயிட்டாங்க.”

சிஸ்டர் ஆச்சரியப்பட்டது எனக்குத் தெரியாது. வேறு எதையோ அவள் என் முகத்தில் பார்த்தாள் என்பது மட்டும் தெரியும். அந்த ஆன்டிகளின் நடுவில் நின்றபோது, உடம்பில் துணியே இல்லாத மாதிரி இருந்தது. ‘தாங்க்யூ ஆன்டி, தாங்க்யூ ஆன்டி’ என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பாவம் செய்ததற்கு வெட்கப்பட்டேனா, பொய்யாகப் புகழப்படுவதற்கு வெட்கப்பட்டேனா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. இரண்டும் ஒரே இடத்தில்தான் எரிந்தது.

அன்று மாலை மூச்சு இரைத்தது. இன்ஹேலரை எடுத்து இழுத்தேன். அம்மா முதுகைத் தடவிவிட்டாள். இழுத்துக்கொண்டே நினைத்தேன்: அடியே முட்டாள், ஒரு வார்த்தை சொல்லக் கூசிக்கொண்டு சாகப் போகிறாயா? செத்தால் இந்த அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் கிளினிக்குக்குப் போன் செய்தேன். ஆபீஸில் பேச முடியாது, பெண் பிள்ளைகளுக்குக் காது நீளம். யார்டுக்குப் பின்னால், காலி கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் போனேன். சனியன், அங்கே ஒரு லோரி எஞ்சினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தது. சிஸ்டர் ரமணி லைனுக்கு வந்துவிட்டாள். விட்டால் மறுபடி தைரியம் வராது.

“சிஸ்டர், ஷார்மைன் பேசறேன். அன்னிக்கு அம்மா சொன்னாங்க இல்ல, அது... அது அப்படி இல்ல.”

“எது, அக்கா? கேக்கல, கொஞ்சம் சத்தமா பேசுங்க.”

“அந்தக் கேள்வி! அதுக்குப் பதில்... இருந்திருக்கு!”

“என்னா இருந்திருக்கு?”

“உறவு!” என்று கத்தினேன். “ஆம்பளையோட எனக்கு உறவு இருந்திருக்கு, சிஸ்டர்!”

எஞ்சின் சரியாக ‘ஆம்பளையோட’ என்ற இடத்தில் நின்றது. மீதி வார்த்தைகள் யார்டு முழுக்கப் போயின. லோரியின் மேலே டிரைவர் தனேஷ் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த டெலிவரி பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்பக் கவனமாகப் படித்தான். அன்றிலிருந்து அவன் என்னை பாஸ் என்று கூப்பிடுவதில்லை. அக்கா என்கிறான். கிண்டல் செய்திருந்தால்கூட நாலு வார்த்தை திட்டியிருப்பேன். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?

ரமணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “ஓகே லா, அக்கா. நல்லதா போச்சு, சொன்னீங்க. டாக்டர் சந்திரகலாகிட்ட பேசி மாத்திடறேன். முழிச்சிருந்தே செஞ்சிடலாம். பொன்ஸ்டன் வலி மாத்திரை உங்களுக்கு ஆகாது, ஆஸ்துமா இருக்கு. பெனடோல் ரெண்டு போட்டுக்குங்க. ஊசியும் போடுவோம், கேஸும் தருவோம். வலிச்சா ‘நிறுத்து’னு சொல்லலாம், உடனே நிறுத்திடுவாங்க. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, பசியாறிட்டு வரணும். வெறும் வயித்தோட வந்தா மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க.”

“அம்மாவுக்கு...”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சாப்பிடறத அவங்க பாப்பாங்க இல்ல?”

பார்க்கத்தான் செய்வாள். அதற்கு நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன், அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் சாப்பிட்டுவிடுவது. உள்ளே போய் முழித்திருந்தே செய்துகொள்வது. வெளியே வரும்போது மயக்கம் தெளிகிற மாதிரி தள்ளாடி, நாக்குக் குழறி நடிப்பது. அதைக் கண்ணாடி முன்னால் ஒரு தடவை செய்தும் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதுக் கழுதை.

அந்தக் காலையில் எழுந்து வந்தால் அம்மா குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. அம்மா காலைக் காப்பி குடிக்காமல் நான் பார்த்ததே கிடையாது.

“காப்பி போடலையா மா?”

“ஒருசந்தி,” என்றாள். “நீ வெறும் வயித்தோட கெடக்கும்போது எனக்கு எப்படி லா எறங்கும்? நீ கண்ண முழிச்சுப் பாத்த பெறகுதான் நான் பச்சத் தண்ணி தொடுவேன்.”

சர்க்கரை வியாதிக்காரி. “மாத்திரைக்காவது ஏதாவது சாப்பிடுங்க மா,” என்று கெஞ்சினேன். கேட்டால்தானே.

இரண்டு துண்டு ரொட்டியைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டேன். கழிவறை மூடியின் மேல் உட்கார்ந்து, காய்ந்த ரொட்டியை மென்றேன். தொண்டையில் அடைத்தது. குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து பெனடோலை விழுங்கினேன். வெளியே அம்மா சத்தமாக ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்காகப் பட்டினி கிடக்கிறவளுக்கு ஒரு கதவு தள்ளி நான் திருட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். குருவோடு இருந்த எந்த ஒரு நாளிலும் இவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பெஞ்ச் நிறையப் பெண்கள். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள், உதடு வறண்டு போயிருந்தது. சிஸ்டர் ரமணி கையில் நாலைந்து பைலோடு அவசரமாக வந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

“அக்கா, பசியாறியாச்சா?”

இந்த ஊரில் அது ஒரு கேள்வியே இல்லை. காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது, யார் கேட்டாலும் சொல்வது. பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், செக்யூரிட்டி கார்டு கேட்பான், போன் பண்ணுகிற கஸ்டமர் கேட்பான். வயிறு காய்ந்து கிடந்தாலும் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிடும்.

“ஆச்சு, சிஸ்டர்,” என்றேன்.

“குட். மாத்திரை?”

“போட்டாச்சு.”

அவள் உள்ளே போய்விட்டாள். ஜெபமாலை நின்றது.

“என்னா ஆச்சு?” என்றாள் அம்மா. “பசியாறினியா? நீயா? எங்க?”

“...பாத்ரூம்ல.”

“அடிப்பாவி!” அம்மா எழுந்துவிட்டாள். “சாப்ட்டுட்டு மயக்க ஊசி போட்டா உசுரே போயிடும்னு சொன்னாங்களே! பசி தாங்க முடியலையா உனக்கு? சிஸ்டர்! சிஸ்டர்!” பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மா கதவைத் தட்டப் போனாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

“மயக்கம் இல்ல மா. மாத்திட்டாங்க. முழிச்சிருந்துதான் செய்யப் போறாங்க.”

“யார் மாத்துனது? அது கல்யாணம் ஆன, பிள்ள பெத்த...”

அம்மாவின் வாய் அப்படியே நின்றது. அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. அன்றைக்கு அந்த அறையில் சொன்னதை எல்லாம் ஒரு வரி விடாமல் கேட்டிருந்தவள். என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தரையில் அந்தத் தவிட்டு நிறச் செருப்பு மெல்லப் பின்னால் போனது. உட்கார்ந்துவிட்டாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சுவரிலிருந்த டிவியில் யாரோ நாசி லெமாக் சமைத்துக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபமாலை கைப்பைக்குள் போய்விட்டது. மண் பிளந்து என்னை விழுங்காதா என்று கிடந்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். “நீங்க இங்கயே இருங்க மா,” என்றேன். நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

“கூட ஒருத்தர் வரலாமா, சிஸ்டர்?” என்று அம்மா கேட்டாள்.

ரமணி என்னைப் பார்த்தாள். அம்மாவை அல்ல, என்னை. நான் தலையாட்டினேன்.

கால்களைத் தூக்கி வைக்கிற கட்டில். இடுப்புக்கு மேல் ஒரு பச்சைத் துணி. டாக்டர் சந்திரகலா நிதானமான பெண்மணி, செய்யப் போகிற ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். “இப்ப ஊசி. சுருக்குனு இருக்கும்.” இருந்தது. “இப்ப உள்ள போறேன். மாசம் வர்ற வலி மாதிரி இழுக்கும். நிறுத்தணும்னா சொல்லுங்க.” ரமணி கேஸ் குழாயை என் வாயில் வைத்தாள். அம்மா தலைமாட்டில் நின்றாள். அவள் கண் சுவரைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

வலி அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது. மாசம் வர்ற வலியாம்! வாய்க்கு வந்த ஒரு கெட்ட வார்த்தையைக் குழாய்க்குள்ளேயே விட்டேன். கை காற்றில் எதையோ தேடியது. அம்மா அதைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத கை.

“யாரு?” என்று என் காதருகே குனிந்து கேட்டாள்.

கேஸ் தலைக்கு ஏறியிருந்தது. பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “குரு.”

“நம்ம ஆளா?”

“இல்ல. காப்பார். இந்து.”

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என்ன வரப் போகிறது என்று தெரியும், முப்பது வருஷமாகத் தெரியும்.

“நல்லவனா?”

அது வரும் என்று எனக்குத் தெரியாது. அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “ரொம்ப நல்லவரு மா.”

“வலிக்குதா? நிறுத்தட்டுமா?” என்றார் டாக்டர்.

“வேணாம், செய்யுங்க,” என்றேன்.

“இப்ப எங்க அவன்?” என்றாள் அம்மா.

“கல்யாணம் ஆயிருச்சு. போன வருஷம். சுங்கை வேயில.”

அவள் கை என் கைக்குள் அசைந்தது. “சுங்கை வே,” என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, “ஆபீஸ் கல்யாணம்னு போனியே. அதுவா?”

நான் தலையாட்டினேன்.

“அந்தப் பையில லட்டு இருந்திச்சு,” என்றாள். “நல்லா இருக்குன்னு ரெண்டையும் நான்தானே தின்னேன்.”

அந்த அறையில் நான்தான் கால் விரித்துக் கிடந்தேன். ஆனால் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டது அம்மா. புடவைத் தலைப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். ரமணி அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைத் தள்ளினாள்.

“ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல, ஷார்மி?”

“எப்படி மா சொல்றது? கேக்கறவங்களுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிடறீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா என் கையை விடவில்லை.

“முடிஞ்சுது,” என்றார் டாக்டர். “சதைய எடுத்தாச்சு. பாக்கறதுக்குப் பயப்படற மாதிரி ஒண்ணும் தெரியல. லேப்புக்கு அனுப்பறோம்.”

பக்கத்து அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குடிக்க மைலோவும் கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட்டை அம்மாவிடம் நீட்டினேன். “கண்ண முழிச்சுத்தான் இருக்கேன் மா. சாப்பிடுங்க.” வாங்கிக்கொண்டாள். கையில் வைத்திருந்தாள், கடிக்கவில்லை. முகம் ஒரேயடியாகக் கிழடு தட்டிப் போயிருந்தது.

சிஸ்டர் ரமணி வந்தாள். என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையில் பேனாவோடு கேட்டாள். “வலி எப்படி இருக்கு? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க.”

அம்மாவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. பிஸ்கட்டை மடியில் வைத்துவிட்டு, தலை குனிந்தபடி என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“ஒம்பது, சிஸ்டர்,” என்றேன். வயிற்றில் அவ்வளவு வலி இல்லை.